வாய் திறவாத சிப்பந்தி



கடை வைத்திருக்கும் நாம் நாலு பேர் கூடினால் சரக்கைப் பற்றிப் பேசுவோம், வாடகையைப் பற்றிப் பேசுவோம், கடனுக்கு வாங்கிக்கொண்டு தெரு மாறிப் போனவரைப் பற்றி இஷா வரை பேசுவோம். கடையில் நிற்கும் ஆளைப் பற்றி மட்டும் நமக்கு ஒரே பேச்சுத்தான்: "இந்தக் காலத்தில் நல்ல ஆள் எங்கே கிடைக்கிறான்?" நானும் பல வருஷமாக இதையே சொல்லி வந்தவன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

மூன்று வருஷங்களுக்கு முன் ஷஃபான் மாதத்தில், நோன்பு வியாபாரத்துக்கென்று அறுபது பெட்டி கூர்மா வாங்கிக் கிட்டங்கியில் அடுக்கினேன். நோன்புக்கு மூன்று நாள் இருக்கையில் பெட்டிகளை முன்னுக்கு எடுக்கப் போனால், சுவரோரம் இருந்த இருபத்திரண்டு பெட்டிகள் அடியில் ஊறிப் பூசணம் பிடித்துக் கிடந்தன. தகரக் கூரையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மழை பெய்தபோதெல்லாம் அதன் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

நஷ்டம் வருவது வியாபாரத்தில் சகஜம். அதற்காக நான் இதை எழுதவில்லை. அப்போது என்னிடம் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். இராமநாதபுரம் பக்கத்து ஊர். வந்த எட்டாம் மாதத்தில் மலாய் சரளமாகப் பேசுவான். எதிர்க்கடைச் சீனர்களிடம் ஹொக்கியனில் விலை கேட்டு வருவான். எந்தச் சாமான் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அவனைக் கூப்பிட்டு, "இந்த ஈரம் உன் கண்ணில் படவில்லையா?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பதினோரு நாளைக்கு முன்னாடியே பாத்தேன், முதலாளி" என்றான்.

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. "பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை?" என்று கத்தினேன். அவன் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பெருநாள் கழிந்து, வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று கணக்கு முடித்துக்கொண்டு போகும்போதுதான் சொன்னான்: "அரிசி மூட்டைய எலி கடிச்சிருக்குன்னு வந்து சொன்னேன். நாலு வாடிக்கைக்காரர் முன்னாலே வச்சு ஏசினீங்க. அதுக்கப்புறம் எதையும் சொல்லத் தோணலே, முதலாளி."

அந்த ஏச்சு எனக்கு நினைவிலேயே இல்லை. அவனுக்கு இருந்தது. இன்று அந்தப் பையன் அந்த ஊர்க் கடையின் ஒரு கிளையையே பார்த்துக்கொள்கிறான் என்று கேள்வி. நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த நாட்களிலேயே, கிடைத்த நல்ல ஆளை என் நாக்கால் துரத்தியிருக்கிறேன்.

நிற்க. முன்பெல்லாம் ஒருவன் போனால் ஊரிலிருந்து இன்னொருவனை அழைத்துக்கொள்ளலாம். இப்போது அப்படியில்லை என்பது யாவருக்கும் தெரிந்ததே. மலேசியாவில் ஜவுளிக்கடை, நகைக்கடை, முடிதிருத்தும் கடை ஆகியவற்றுக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பது 2009-ல் நிறுத்தப்பட்டு, 2023-ல்தான் மூன்று தொழிலுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் வாரத்து வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகச் சட்டப்படி குறைக்கப்பட்டது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1-ல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் கடைகளுக்கு அதே வருஷம் ஆகஸ்ட் 1 முதல். இவை சரியா தவறா என்பது வேறு விவாதம். இருக்கிற நாலு கைகளையும் நாலு ஜோடிக் கண்களையும் வீணாக்க இனி நம்மால் இயலாது என்பது மட்டும் நிச்சயம்.

பட்டணத்துக் கல்லூரியில் வர்த்தகம் படிக்கும் என் மகனிடம் இந்தக் கூர்மாக் கதையைச் சொன்னபோது, "அத்தா, இதைத்தான் இப்போது உலகமெல்லாம் பாடமாக வைத்திருக்கிறார்கள்" என்றான். அவன் புத்தகத்தில் இருந்ததை எனக்குப் புரிகிற தமிழில் பல இரவுகள் சொன்னான். அதை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஜப்பானில் ஸகிச்சி டொயோடா என்று ஒருவர் இருந்தார். தறி செய்கிறவர். நெய்யும்போது ஒரு நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும்படி யந்திரம் அமைத்தார். 1924-ல் வந்த அவருடைய தானியங்கித் தறி பேர்பெற்றது. கைலி வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் கைலி முழுவதும் கோடு விழும். அதை யார் வாங்குவார்? நூல் அறுந்த கணத்திலேயே நின்றால் கெடுவது ஒரு விரல் அகலத் துணிதான்.

அந்தக் குடும்பத்தார் 1937-ல் தொடங்கியதுதான் டொயோட்டா மோட்டார் கம்பெனி. தறியில் கண்ட யுக்தியைப் பிற்பாடு கார் ஆலைக்கும் கொண்டுவந்தார்கள். தறிக்கு யந்திரம் போதும். கார் வேலைக்கு மனிதன் வேண்டும். ஆகவே, வண்டிகள் வரிசையாக நகர்ந்து வரும் பாதையின் மேலே ஒரு கயிறு கட்டினார்கள். ஆணி சரியாக உட்காரவில்லை, கதவு ஒட்டவில்லை என்று கண்டால் அங்கே நிற்கும் தொழிலாளி, அவன் எவ்வளவு சின்ன ஆளாயினும், கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், மணி ஒலிக்கும். அவனுடைய குழுத்தலைவர் ஓடி வந்து, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்பார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசையே நின்றுவிடும்.

நம் கடையில் நோன்பு இருபத்தேழாம் இரவில் கூட்டம் நெரிகிற நேரத்தில், "கொஞ்சம் நிறுத்துங்கள் முதலாளி, கணக்கில் ஏதோ பிசகுகிறது" என்று ஒரு பையன் சொன்னால் அவன் கதி என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். கலிபோர்னியா மாநிலத்தில் ஃப்ரிமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு கார் ஆலை இருந்தது. அங்கே ஒரு நாளைக்கு நூறு பேரில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கு வரமாட்டார்கள். வந்தவர்களில் குடித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அடிக்கடி திடீர் வேலைநிறுத்தம். மேலதிகாரிகளுக்கோ ஒரே கட்டளை, வரிசை நிற்கக்கூடாது என்பதுதான். தப்பாகப் பூட்டின வண்டியும் அப்படியே போகும், பிறகு வெளியே நிறுத்திப் பிரித்துச் செப்பனிடுவார்கள். கடைசியில் 1982-ல் ஆலையை மூடிவிட்டார்கள்.

பிறகு டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தில் 1984-ல் மறுபடி வேலை தொடங்கின. 'நம்மி' என்பது கூட்டு நிறுவனத்தின் சுருக்கப் பெயர். இங்கேதான் நான் என் மகனை நிறுத்தி இரண்டாம் தடவை கேட்டேன். புதிய ஆட்களை எடுத்தார்களா? இல்லை. அதே தொழிற்சங்கம். எடுத்த ஆட்களிலும் பெரும்பகுதி பழைய ஆட்களே, குடிகாரர், வம்புக்காரர் என்று பேர் வாங்கியிருந்த அவர்கள்தான். அவர்களில் சில நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பி வேலை பழக்கினார்கள். திரும்பி வந்ததும் தலைக்கு மேல் கயிறு தொங்கியது. வேலைக்கு வராதவர் கணக்கு நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கியது. இரண்டு வருஷத்துக்குள் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகள் எல்லாவற்றையும் விட இங்கே வேலை திறமாக நடந்தது.

ஆட்கள் அதே ஆட்கள். இதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1988-ல் அவர்களுடைய வண்டிகளின் விற்பனை மந்தமாயிற்று. ஆலைக்குப் போதுமான வேலை இல்லை. ஆனாலும் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மிச்ச நேரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். கஷ்டம் வந்தால் நம்மைக் கைவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருப்பவன்தான் கயிற்றைத் தொடுவான். நம்பிக்கை இல்லாத இடத்தில் தங்கக் கயிறு கட்டினாலும் அது கொடிக்கயிறுதான், துணி காயப் போடலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வான் நைஸ் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் இன்னொரு ஆலையில் இதே முறையைக் கொண்டுவரப் பார்த்தது. மேலே இருந்தவர்களும் மனம் மாறவில்லை, கீழே இருந்தவர்களும் நம்பவில்லை. அந்த ஆலை 1992-ல் மூடப்பட்டது. நம்மியும் 2010-ல் மூடப்பட்டதென்பது உண்மை. ஜெனரல் மோட்டார்ஸ் 2009-ல் திவாலாகிக் கூட்டிலிருந்து விலகியது, டொயோட்டா தனியாக நடத்த விரும்பவில்லை.

இனி ஆஸ்பத்திரிக் கதை ஒன்று, சுருக்கமாக. எமி எட்மண்ட்ஸன் என்ற அம்மையார், ஹார்வர்டில் பேராசிரியர். 1990-களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து மாற்றிக் கொடுக்கும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக நடக்கும் பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கெடுத்தால் அங்கேதான் அதிகம்! பிறகுதான் விஷயம் விளங்கியது. அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்த தவறை ஒளிக்காமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் தாதிகள் பயந்து மறைத்தார்கள், ஏட்டில் சுத்தமாக இருந்தது. 2012-ல் கூகுள் கம்பெனியும் தன்னிடமுள்ள குழுக்களை ஆராயத் தொடங்கி இதே முடிவுக்கு வந்தது. மனம் விட்டுப் பேச அச்சமில்லாத குழுதான் முன்னுக்கு வருகிறது என்று கண்டார்கள்.

"என் கடையில் பிரச்சினையே இல்லை" என்று சந்தோஷப்படும் சகோதரர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இவையெல்லாம் வெள்ளைக்காரர், ஜப்பானியர் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். மதரஸாவில் எங்கள் ஹஜ்ரத் உஹது யுத்தத்தைப் பற்றி ஓதிக்கொடுத்தது இப்போதுதான் என் மண்டையில் ஏறுகிறது. ஹிஜ்ரி 3-ம் வருஷம் மக்காவின் படை வந்தபோது, மதீனாவுக்குள்ளேயே இருந்து காத்துக்கொள்ளலாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எண்ணம். பத்ரில் கலந்துகொள்ள வாய்ப்பில்லாமற் போன இளைஞர்களும் வேறு பலரும் வெளியே போய்ப் போரிட வேண்டும் என்றார்கள். மஷ்வரா செய்த நாயகம் (ஸல்) அவர்கள் அவர்கள் சொன்னபடியே கிளம்பினார்கள். என்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். குன்றில் நிறுத்தப்பட்ட வில்லாளிகள் இடத்தை விட்டு இறங்கினார்கள். எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகத்திலேயே காயம் பட்டது.

நம்மைப் போன்ற முதலாளியாக இருந்தால் அதற்குப் பிறகு என்ன சொல்லியிருப்போம்? "உங்கள் பேச்சைக் கேட்டேன் பார், இனி ஒருவனும் வாயைத் திறக்காதீர்கள்" என்றிருப்போம். ஆனால் அந்த யுத்தத்துக்குப் பின் இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்து வசனத்தின் கருத்து முற்றிலும் வேறு. நீர் மென்மையாக நடந்துகொண்டது அல்லாஹ்வின் அருளால்தான். கடுமையும் கல்மனமும் உம்மிடம் இருந்திருந்தால் அவர்கள் உம்மைச் சுற்றி நில்லாமல் கலைந்திருப்பார்கள். ஆகவே அவர்களை மன்னியும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடும், காரியங்களில் அவர்களோடு கலந்து ஆலோசியும். இதுதான் அதன் சாரம். மஷ்வராவினால் நஷ்டம் வந்த மறுநாளிலேயே மஷ்வராவை விடாதே என்ற உத்தரவு வருகிறது. கடுமை இருந்தால் கலைந்து போவார்கள் என்ற சொல்லைக் கேட்கும்போது, பெருநாள் கழிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்தப் பையனின் முதுகுதான் எனக்குக் கண்ணில் தெரிகிறது.

பத்ரில் ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள் செய்ததும் சீறா நூல்களில் இருக்கிறது. படை இறங்கிய இடத்தைப் பார்த்து, இது அல்லாஹ்வின் கட்டளையா, யுத்த யோசனையா என்று முதலில் மரியாதையோடு கேட்டார்கள். யோசனைதான் என்று தெரிந்ததும், கிணற்றருகே போவதே நல்லது என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் உடனே இடத்தை மாற்றினார்கள். ஒரு தோழர் அப்படிச் சொல்லத் துணிந்தாரென்றால், அந்தச் சபையில் அவருக்கு எவ்வளவு இடம் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்!

டொயோட்டாவில் தைச்சி ஓனோ என்ற பெரியவர், எது கெட்டாலும் "ஏன்?" என்று ஐந்து தடவை கேட்கச் சொன்னாராம். அதை என் கூர்மாவுக்கு வைத்துப் பார்த்தேன். கூர்மா ஏன் கெட்டது? தண்ணீர் இறங்கியது. ஏன் இறங்கியது? தகரத்தில் ஓட்டை. ஏன் ஓட்டை? குளிர்சாதனப் பெட்டி மாட்ட வந்தவர்கள் கூரைமேல் ஏறி மிதித்தார்கள். ஏன் உடனே அடைக்கவில்லை? கண்டவன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? ஐந்தாவது ஏனுக்குப் பதில் என் வாய்க்குள் இருந்தது. நானும் அன்றைக்கு "ஏன்" என்று கேட்டவன்தான், ஆனால் காரியத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, ஆளைப் பார்த்துக் கேட்டேன். அனஸ் (ரலி) அவர்கள் பத்து வருஷம் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தும், இதை ஏன் செய்தாய், இதை ஏன் செய்யவில்லை என்று ஒருநாளும் கேட்கப்பட்டதில்லை என்று அறிவித்த ஹதீஸை நாம் பலமுறை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு நேரே கடைக்குப் போய்ப் பையனைப் பார்த்து "ஏண்டா" என்று ஆரம்பிக்கிறோம்.

"இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்" என்று நம்மில் மூத்தவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஃப்ரிமாண்டில் கயிறு கொடுத்தபோது வேலை நேரத்தில் கண்டிப்பைத் தளர்த்தவில்லை, வராதவனுக்குச் சலுகையும் இல்லை. கல்லாவில் கை வைத்த ஒருவனை நானும் அனுப்பியிருக்கிறேன், அதற்காக வருந்தவில்லை. அது அமானத்தைக் கெடுத்த விஷயம். கெட்ட செய்தியைக் கொண்டு வருகிறவன் அமானத்தைக் காக்கிறவன். இரண்டு பேரையும் ஒரே குரலில் ஏசுவதுதான் நம் பிழை.

தொழில் ரகசியம் என்று எதையும் சொல்லிக்கொடுக்காமல் வைத்திருப்பதும் இதே வகைதான். கொள்முதல் விலையைக் குறிச்சொல்லில் எழுதிப் பையனிடமிருந்து மறைப்போம், எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்று பயம். இந்நாட்டில் செட்டியார்களின் கடைகளில் பெட்டியடிப் பையனாக வந்தவன் அடுத்தாளாகி, பிறகு மேலாளாகி, லாபத்திலும் பங்கு பெற்றான். ஏறுவதற்குப் படி கண்ணில் தெரிந்தது. நம் கடைப் பையனுக்கு எந்தப் படி தெரிகிறது?

இவ்வளவையும் கேட்ட பிறகு நான் செய்தது சிறிய காரியம். இரவு கடை அடைத்ததும் கல்லா எண்ணுவதற்கு முன் பத்து நிமிஷம் எல்லோரும் உட்கார்ந்து தேநீர் குடிப்பது. "இன்றைக்கு எது பிசகிற்று?" என்று ஒரே கேள்வி. முதல் பிசகை நானே என் தவறாகச் சொல்வது. தேதி முடியப்போகும் ஸார்டின் டின்களைப் பார்க்காமல் வாங்கியதை முதல் இரவில் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பேசவில்லை. மூன்று வாரம் தேநீர்தான் செலவு. ஒரு தடவை நான் பழைய குணத்தில் குரலை உயர்த்திவிட்டு, அந்த வாரம் முழுவதும் மறுபடி மௌனம்.

நாலாம் வாரம், எல்லோரிலும் இளையவன், எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னான்: "முன்னால இருக்கிற தராசு கிலோவுக்கு இருபது கிராம் கூடக் காட்டுது, முதலாளி."

ஒரு கிலோ பருப்புக்குக் காசு வாங்கிக்கொண்டு 980 கிராம் கொடுத்து வந்திருக்கிறேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று மெதுவாகத்தான் கேட்டேன். இரண்டு மாதம் என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவனே சொன்னான்: "நீங்க தெரிஞ்சுதான் வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

அளவையில் குறைப்பவர்களுக்கென்றே ஒரு சூரா இறங்கியிருக்கிறது. சிறு வயதில் மனனம் செய்த சூரா. என் கடையில் நின்ற பிள்ளை இரண்டு மாதமாக என்னை அந்தக் கூட்டத்தில் ஒருவனாக எண்ணிக்கொண்டு, எனக்குச் சலாம் சொல்லி, என் சோற்றைச் சாப்பிட்டு வந்திருக்கிறான்.

மறுநாளே தராசைச் சோதித்து முத்திரை இடுகிறவர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். யார் யாருக்குக் குறைத்தோம் என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. தெரிந்த வாடிக்கைக்காரர்களிடம் சொல்லி ஈடு செய்தேன். மற்றவர்களின் ஹக்கை என்ன செய்வது என்று பள்ளி இமாமிடம் கேட்டதில், உத்தேசமாகக் கணக்குப் போட்டு, உரியவர்கள் பேரில் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். கணக்குப் போட்டோம். அந்தப் பையனே பக்கத்தில் உட்கார்ந்து போட்டான், நான் சொன்ன தொகையை விட அதிகமாக. அவன் சொன்னதையே கொடுத்தேன்.

தராசைத் தூக்கிப் போகும்போது அவன் திரும்பி வந்து கேட்டான்: "முதலாளி, உள்ளே இருக்கிற இன்னொரு தராசையும் பாக்கச் சொல்லட்டுமா?"

சொல்லச் சொன்னேன்.